வளர்மதியின் நடை

வல்லத்தில் பெற்றவர்கள் பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வெற்றிவேலைக் கட்டிக்கொண்டு செஞ்சிக்கு வந்தபோது வளர்மதி பிளஸ் டூ முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் சிவில் டிப்ளமோ படித்தவன். காந்தி பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் பைப்பும் பெயிண்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு வீட்டுக் கதவுகளும் சாத்திக்கொண்டன. சிறுகடம்பூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். பகலில் கூரை சுட்டது. மழை வந்தால் உள்ளே பேசுவது காதில் விழாது. அதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிற வயசு இருவருக்கும்.

வெற்றிவேலுக்கு ஒரு குறை இருந்தது. கடைக்கு வரும் இன்ஜினியர்கள் அவனைவிட இரண்டு மூன்று வயது கூடியவர்கள்தான். வண்டியிலிருந்து இறங்காமலே, "தம்பி, அந்த பைப் எல்போவ எடு" என்பார்கள். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. டிப்ளமோ முடித்தவர்களை நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி ஒன்று திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதாக ஒருநாள் சொன்னான். குவான்டிட்டி சர்வேயிங், கன்ஸ்ட்ரக்ஷன் எகனாமிக்ஸ் என்று படிப்பின் பெயர். அப்படியென்றால் என்ன என்று அவள் கேட்டாள்.

"ஒரு கட்டடம் மேல எழும்பறதுக்கு முன்னாடியே அதுக்கு எவ்ளோ சிமெண்ட், எவ்ளோ மணல், எத்தினி ஆளு, எத்தினி நாளு, மொத்தம் இன்னா செலவுனு சொல்லிடணும். அதான் படிப்பு. கட்டி முடிச்சப்புறம் சொன்னது தப்பாப் போச்சுனா மரியாத போயிடும்."

"அப்ப நீ படி மாமா. நான் வேலைக்குப் போறேன்."

துணிக்கடையைவிடச் சித்தாள் வேலைக்குக் கூலி அதிகம். அதனால் அதற்கே போனாள். முதல் நாள் சாயங்காலம் அவள் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்து வெற்றிவேல் அழுதான். தேங்காய் எண்ணெய் தடவி, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இரண்டு மூன்று மாதம் அப்படித் தடவினான். அதற்குப் பிறகு கை காய்த்துவிட்டது. அவனுக்கும் பழகிவிட்டது.

அவள் சேர்ந்த கும்பலுக்கு மேஸ்திரி முருகையன். காலையில் கூட்டு ரோட்டில் டீக்கடையை ஒட்டி நிற்கும் பெண்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேலை நடக்கிற இடத்தில் இறக்கிவிடுவான். கும்பலில் மூத்தவள் சிங்கவரத்து ஆண்டாள். ஐம்பதைத் தாண்டியவள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். ஆனால் புதிதாக வந்த பெண்ணுக்குத் தன் தூக்குவாளியிலிருந்து கருவாட்டுக் குழம்பை ஊற்றிக் கொடுத்தவளும் அவள்தான். சுமை எடுத்துப் போகும்போது ஆண்டாள்தான் வரிசையில் முன்னால் நடப்பாள். அவசரப்படமாட்டாள். பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் அவள் நடைக்குத்தான் நடப்பார்கள். அந்த நடையில் போனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சமைக்கிற தெம்பு மிச்சமிருக்கும். முருகையனும் அதில் தலையிடுவதில்லை. வரிசை அறுபடாமல் போனால் அவனுக்குப் போதும்.

வெற்றிவேலுக்குக் கடைசி வருஷம் வந்தது. ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். கட்டட வேலையில் ஆட்களின் உழைப்பு எவ்வளவு, எங்கே வீணாகிறது, எத்தனை பேரைக் குறைக்கலாம் என்று ஒரு சைட்டில் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். இரண்டு கான்ட்ராக்டர்களிடம் கேட்டான். முகம் கொடுத்தே பேசவில்லை.

"நம்ம சைட்லயே பாரேன் மாமா," என்றாள் வளர்மதி. திருவண்ணாமலை ரோட்டில் அப்போது அவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தரைத்தளம் முடிந்து மேல்தளத்துச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டர் ராஜாங்கம் கோபக்காரர் இல்லை. படித்த பிள்ளைகள் என்றால் அவருக்கு ஒரு மரியாதை உண்டு.

வெற்றிவேல் யோசித்தான். பிறகு ஒத்துக்கொண்டான். ஆனால் ஒன்று சொன்னான்.

"அங்க என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. புருஷன் பொண்டாட்டினு தெரிஞ்சா காலேஜ்ல இத ஏத்துக்கமாட்டாங்க."

அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

முதல் நாள் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தான். ராஜாங்கம் நிழலில் நாற்காலி போடச் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த வளர்மதியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா பொண்ணு, சாருக்கு ஒரு டீ வாங்கியா."

அவள் ஓடிப்போய் வாங்கி வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நீட்டினாள். சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

"அங்க வச்சிட்டுப் போம்மா," என்றான் வெற்றிவேல், நிமிர்ந்து பார்க்காமல்.

சாயங்காலம் அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "நல்லாத்தான செஞ்ச, அதுல இன்னா இருக்குது," என்றான்.

செங்கல் கீழேயிருந்து மேல்தளத்துக்குச் சாய்வுப் பலகை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. தலையில் சும்மாடு, அதன்மேல் பலகை, பலகையில் செங்கல். ஒருத்தி ஏறி, இறக்கிவிட்டுத் திரும்பி வருவது ஒரு நடை. ஒவ்வொருத்தியின் நடைக்கும் எவ்வளவு நேரமாகிறது என்று வெற்றிவேல் போனில் பார்த்துக் குறித்துக்கொண்டான். இரண்டு நாள் ஆனதும் அவன் முகம் சுருங்கிப்போனது.

"உங்க கும்பல் ரொம்ப ஸ்லோ. புஸ்தகத்துல இருக்கறதுல பாதிகூட வரல. இத அப்படியே குடுத்தா, நீ சைட்டுக்கே போவலனு சொல்லிடுவாரு எங்க சார்," என்றான் சோற்றைப் பிசைந்துகொண்டே. "முன்னாடி நடக்குதே ஒரு கெழவி, அதாலதான் வரிசையே இழுக்குது."

அவ்வளவுதான் சொன்னான். வளர்மதி இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அவனுக்காகச் சுமந்தது கூலிக்குத்தான் உதவியது. இப்போது படிப்புக்கே உதவ ஒரு வழி வந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் காலை அவள் ஆண்டாளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"யக்கா, நீ பின்னால வா. இன்னிக்கு நான் முன்னாடி போறேன்."

"போடி போ. ராணிக்கு அவசரம்," என்று ஆண்டாள் வழிவிட்டாள்.

வளர்மதி நடந்தாள். நடை என்று அதைச் சொல்ல முடியாது. கழுத்து நரம்பு புடைக்கப் பலகையில் ஏறி, இறக்கிவிட்டு, இறங்கும்போது ஓடியே வந்தாள். பின்னால் வந்தவர்களுக்கு வேறு வழியில்லை. வரிசையில் இடைவெளி விழுந்தால் முருகையன் கத்துவான். அவள் வயசுக்காரியான அன்புக்கரசி சமாளித்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னாடி, நாய் தொரத்துதா?" என்று பின்னாலிருந்து ஆண்டாள் குரல் வந்தது. "மெதுவாப் போயேன், பாவி."

வளர்மதி நாற்காலியைப் பார்த்தாள். வெற்றிவேல் போனைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தான். அவன் முகம் தெளிந்திருந்தது. ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சைட்டில் அவன் அவளைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்காகவே அன்றைக்கும் அடுத்தடுத்த நாட்களும், அவன் போதும் என்று நாற்காலியை விட்டு எழுந்து போகும்வரை, அவள் அதே வேகத்தில் ஏறி இறங்கினாள். வீட்டுக்கு வந்து குனிந்து அடுப்பைப் பற்றவைக்க முடியவில்லை. அடுப்பைப் பெட்டிமேல் வைத்து, நின்றபடியே சமைத்தாள்.

ப்ராஜெக்டுக்கு நல்ல மார்க் வந்தது. கல்லூரியில் கைதட்டினார்கள் என்று வந்து சொன்னான். நன்றி சொல்லும் முறைக்காக ராஜாங்கத்திடம் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தான். ராஜாங்கம் அதை வெறும் மரியாதைக்கு வாங்கிவைக்கவில்லை, உட்கார்ந்து படித்தார். சந்தேகம் வந்த இடத்தில் அவனையே கேட்டார். கும்பலில் நாலு பேரைக் குறைத்தாலும் அதே வேலை அதே நேரத்தில் முடியும் என்பது அதில் தெளிவாக இருந்தது.

அடுத்த வாரம் கூட்டு ரோட்டில் முருகையன் நாலு பெண்களை ஆட்டோவில் ஏற்றவில்லை. வயசான மூவரும், இடுப்பில் பிள்ளையோடு வருகிற ஒருத்தியும். மூவரில் ஆண்டாள் ஒருத்தி.

"இன்னா மேஸ்திரி, எம் பேர வுட்டுட்ட."

"மொதலாளி கணக்குக்கா. ஆளு கம்மி, வேகம் ஜாஸ்தி. உன்னால ஆவாது."

"யாரு சொன்னது ஆவாதுனு? நானும் ஓடுவேன்யா. அன்னிக்கு இவ பின்னால ஓடல?" ஆண்டாள் வளர்மதியைக் கைகாட்டினாள். "நீயே சொல்லுடி, நான் ஓடினனா இல்லியா?"

"ஓடுச்சு மேஸ்திரி," என்றாள் வளர்மதி. ஆண்டாளுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் சொன்னாள்.

முருகையன் பிள்ளைக்காரியோடு மற்ற இருவரையும் விட்டுவிட்டு, ஆண்டாளை ஏற்றிக்கொண்டான்.

மேல்தளத்துக் கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று வானம் மூட்டமாக இருந்தது. மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று ராஜாங்கம் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தார். வெற்றிவேலையும் வரச் சொல்லியிருந்தார். அவன் சொன்ன கணக்கு கான்கிரீட்டுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமாம். கீழே மிக்சர் சுற்றிச் சுற்றிக் கலவையைக் கொட்டியது. பெண்கள் அதைப் பாண்டு என்கிற இரும்புச் சட்டியில் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பலகையில் ஏறினார்கள். ஆள் குறைவு. மிக்சர் யாருக்காகவும் காத்திருக்காது. ஒருத்தி இறங்குவதற்குள் அடுத்த பாண்டு நிறைந்து நின்றது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தவில்லை. தண்ணீர் குடிக்கவும் விடவில்லை. பலகையெல்லாம் கலவை சிந்தி வழுக்கிக்கொண்டிருந்தது. வளர்மதி மேலே பாண்டைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது, எதிரே ஆண்டாள் ஏறி வருவதைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. கண் எதையும் பார்க்கவில்லை. பலகை திரும்புகிற இடத்தில் அவள் கால் பின்வாங்கியது. பாண்டு தனியாக விழுந்தது, அவள் தனியாக விழுந்தாள். கீழே ஜல்லிக் குவியலின் ஓரத்தில் இடுப்பு பட்டது. அவள் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இல்லை.

பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். முருகையன் ஆட்டோவைக் கூப்பிட்டான். இரண்டு கொத்தனார்கள் ஆண்டாளைத் தூக்கிப் போனார்கள். ஆட்டோ கேட்டைத் தாண்டியதும் முருகையன் திரும்பினான்.

"நிக்காதிங்க. கலவ எறுகிடும். மேல பாதி போட்டு பாதி வுட்டா வெடிப்பு வரும். நடங்க, நடங்க."

யாரும் நகரவில்லை. ராஜாங்கம் வானத்தைப் பார்த்தார். பிறகு யாரோ ஒருத்தி பாண்டை எடுத்தாள். வரிசை மறுபடி நகர்ந்தது. வளர்மதியும் எடுத்தாள். பாண்டைத் தலைக்குத் தூக்கிவிட்டவனுக்கு நேரே அவள் முகம் இருந்தது. அவன் தோளுக்குப் பின்னால் வெற்றிவேல் நிற்பது தெரிந்தது. ஆண்டாள் விழுந்ததும் அவன் போனில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தை நிறுத்தியிருக்கிறான். இப்போது வரிசை நகர்ந்ததும், கட்டைவிரலால் அதை மறுபடி ஓடவிட்டான்.

அன்று மாலை அவன் வாங்கி வந்த பரோட்டா பிரிக்காமலே கிடந்தது.

"நான் எப்பவும் அப்படி நடக்கமாட்டேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதின?"

"ஒரு ஆளு மட்டும் மத்தவங்களவிட ரொம்ப மிஞ்சிப் போனா, அந்த ஆளக் கணக்குலருந்து எடுத்துடணும். அப்படித்தான் பாடத்துல இருக்குது. உன்ன எடுத்துட்டா, உன் பின்னாடி வந்தவங்களையும் எடுக்கணும். அப்புறம் கையில ஒண்ணுமே நிக்காது. பழைய ஸ்லோதான் நிக்கும்."

"எடுத்திருக்கலாமில்ல."

"எடுத்திருந்தா ராஜாங்கம் சாரு இன்னிக்கு எனக்கு வேல குடுக்கறேன்னு சொல்லியிருப்பாரா? எல்லாம் யாருக்கு? நமக்குத்தான?" பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னான்: "அதுவுமில்லாம, நான் ஒன்ன ஓடச் சொன்னனா? நீயாத்தான ஓடின."

அவன் சொல்லவில்லைதான். பரோட்டாவை அவனே பிரித்துச் சாப்பிட்டான். அவளுக்குப் பாதி வைத்திருந்தான்.

ஆண்டாளைச் செஞ்சி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து, ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுந்து நிற்க ஆகவில்லை.

இதற்குள் வெற்றிவேல் ராஜாங்கத்திடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சேர்ந்த அன்று, இனி மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்தானோ என்னவோ, வளர்மதி தன் மனைவி என்பதை அவரிடம் சொல்லிவிட்டான். ராஜாங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர்தான். நேராகச் சைட்டுக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஏம்மா வளர்மதி, அந்தப் பாண்ட கீழ வை. நம்ம இன்ஜினியரு சம்சாரம்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா நீ? அன்னிக்கு உன்னயே டீ வாங்கச் சொன்னேன் பாரு. இனிமே நீ சொமக்கக் கூடாது. எனக்கு அசிங்கம். வூட்டுக்குப் போம்மா."

பெண்கள் அப்படியே நின்றார்கள். வளர்மதி பாண்டை இறக்கி வைத்தாள். சும்மாட்டுத் துணியைப் பிரித்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்புக்கரசிதான் வாயைத் திறந்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"அப்ப அந்த நாக்காலில ஒக்காந்து எழுதுனது ஒம் புருஷன்."

வளர்மதி தலையாட்டினாள்.

"நீ ஒம் புருஷனுக்காக ஓடின. சரி. நாங்க யாருக்குடி ஓடுனோம்?"

அவள் பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. மிக்சர் சத்தம் போட்டது. வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு போனது.

கொஞ்ச நாள் கழித்து ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு சிங்கவரத்துக்குப் பஸ்ஸில் போனாள். ஆண்டாளின் மகனும் மருமகளும் கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை. கட்டிலில் ஆண்டாள் பாதியாக வற்றிக் கிடந்தாள். மூத்திர நாற்றம் அடித்தது. தன்னைப் பார்த்ததும் திட்டுவாள் என்று வளர்மதி எதிர்பார்த்தாள். அந்த வாய்க்குத் திட்டத் தெரியாத திட்டு இல்லை.

"வந்தியா. அந்தத் தட்ட எடுத்து வை மொதல்ல. காலையிலருந்து அடக்கிக்கினு கெடக்கறேன்."

வளர்மதி தட்டை எடுத்து வைத்தாள். அவளைப் புரட்டும்போது ஆண்டாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். துடைத்து, புடவையைச் சரிசெய்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்புக்கரசி வந்து எல்லாம் சொன்னா," என்றாள் ஆண்டாள், கூரையைப் பார்த்துக்கொண்டு. "நான் ஒன்னப் பாத்துப் பொறாமப்பட்டேன்டி. சின்னப் பொண்ணு, ஒடம்புல தெம்பு இருக்குது, நமக்கு வயசாயிடுச்சுனு நெனச்சேன். ராத்திரியெல்லாம் கால அமுக்கிக்கினு, நாளைக்கு இவளாட்டம் நடக்கணும், இவளாட்டம் நடக்கணும்னு நெனச்சிக்கினு படுத்தேன்."

"யக்கா."

"அது நடையே இல்லியாமே."

வளர்மதி அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஆண்டாள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. பிடித்ததே தெரியாததுபோலக் கிடந்தாள்.

"பஸ்ஸு வந்துடும், கெளம்பு. இனிமே வராத. அந்தப் பழத்த எடுத்துக்கினு போ."

"வச்சுக்கோக்கா, பேரப் பசங்க தின்னட்டும்."

"எடுத்துக்கினு போடி."

பஸ் ஸ்டாப்பில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளிடம் பழங்களைக் கொடுத்தாள். ஒன்றும் வீணாகவில்லை.

வெற்றிவேல் பட்டம் வாங்கிய போட்டோ பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. இப்போது கான்கிரீட் கூரை போட்ட மாடி வீட்டில் இருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை தெரிகிறது. வல்லத்திலிருந்து அவளைப் பெற்ற நைனா வந்து ஒருநாள் தங்கிவிட்டுப் போனார். மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். கீழ்வீட்டுக்காரி வளர்மதியை "இன்ஜினியரு வூட்டம்மா" என்கிறாள். உள்ளங்கைக் காய்ப்பு உரிந்து, தோல் பழையபடி மெத்தென்று ஆகிவிட்டது. ஒரு தடவை துணிக்கடை வேலைக்குப் போகிறேன் என்றாள். எதுக்கு என்றான் அவன். எதற்கென்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. காலையில் வெற்றிவேலோடு ஸ்கூட்டரில் கூட்டு ரோட்டைத் தாண்டும்போது பெண்கள் நிற்பார்கள். யாரும் முறைப்பதில்லை. ரோட்டில் போகிற எந்த வண்டியையும் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

ஐப்பசி மழையில் ஆண்டாள் செத்துப்போனாள். படுக்கைப் புண் உள்ளே போய்ச் சீழ் பிடித்ததாகக் கீழ்வீட்டுக்காரிதான் யாரோ சொல்லக் கேட்டு வந்து சொன்னாள். வெற்றிவேல் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வளர்மதி பஸ்ஸில் போனாள்.

வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கும்பல் முழுதும் வேலைக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருந்தது. குறைத்து அனுப்பிய மூன்று பேரும் இருந்தார்கள். ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். வளர்மதி ஓரமாகப் போய் நின்றாள். நகர்ந்து இடம் விட யாரும் இல்லை. அவளும் கேட்கவில்லை. அன்புக்கரசி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொருத்தருக்காகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். வளர்மதிக்கு இந்தப் பக்கம் நின்ற கிழவனுக்குக் கொடுத்தாள். அந்தப் பக்கம் நின்ற, யாரென்றே தெரியாத வெளியூர்க்காரிக்குக் கொடுத்தாள். பிறகு சொம்பை நிரப்ப உள்ளே போனாள்.

பாடை தூக்கும்வரை வளர்மதி நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சமைத்தாள். வெற்றிவேல் சந்தோஷமாக வந்தான். கல்லூரியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்களாம். இந்த வருஷம் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு, அவன் எப்படிச் செய்தான் என்று வந்து பேச வேண்டுமாம். வெள்ளிக்கிழமை.

"அந்த நீல முழுக்கைச் சட்டைய இஸ்திரி போட்டு வச்சிடு," என்றான். "எழவு எப்ப எடுத்தாங்க?"

"மூணு மணிக்கு."

அவள் சட்டையை எடுத்து விரித்துத் தேய்த்தாள். காலரில் மடிப்பு நேராக விழவில்லை. தண்ணீர் தெளித்து, மறுபடியும் தேய்த்தாள்.